மேகம் குறைவான படம்

தன்னுடைய தவற்றை, யாரும் கேட்பதற்கு முன்னால், தானாக வந்து சொல்லும் ஒருவரை என் பணிக்காலம் முழுவதிலும் நான் சந்தித்ததில்லை. நில அளவைத் துறையில் அதற்கு வழிமுறை கிடையாது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப வழிமுறை உண்டு. பதில் வராவிட்டால் நினைவூட்ட உண்டு. நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் விசாரணை அலுவலரை நியமிக்க உண்டு. கேட்காமலே ஒருவர் வந்து "நான்தான் செய்தேன்" என்று எதிரில் நின்றால் அவரை என்ன செய்வது என்று எந்த விதித்தொகுப்பிலும் எழுதியிருக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் அப்படி ஒரு பிறவியைப் பார்த்தேன். மரக்காணத்தில் என் வீட்டு மாடிக்குக் குடிவந்தாள்.

வந்த மறுநாள் காலையில் கீழே இறங்கி வந்தாள். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உருவம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் குழாயின் கைப்பிடி.

"சார், பாத்ரூம் குழாய உடைச்சிட்டேன்."

அந்தக் குழாய் முன்பிருந்த குடித்தனக்காரர் காலத்திலேயே உடைந்தது. அவர் அதைப் பசை போட்டு ஒட்டவைத்து, முன்பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு கிளியனூர்ப் பக்கம் போய்விட்டார். அதைச் சொன்னேன்.

"இருக்கலாம் சார். ஆனா நேத்து திருகினது நான்தானே."

அன்றே புதுக் குழாய் வாங்கி வந்து தானே மாட்டினாள். அது லேசாகக் கோணலாக இருந்தது. அதையும் வந்து சொன்னாள்.

அவளுடைய வேலைக்குப் பெயர் ஜியோஸ்பேஷியல் சிஸ்டம்ஸ் ஆர்க்கிடெக்ட். தெருவில் யாருக்கும் முதல் இரண்டு வார்த்தைகள் வாயில் தங்கவில்லை. மூன்றாவது தங்கியது. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் அவளை வாசலிலேயே மடக்கினாள்.

"ஏம்மா, எம் பொண்ணுக்குப் பெருமுக்கல்லுல மனை வாங்கி வெச்சிருக்கோம். வாஸ்து பாத்து ஒரு பிளான் போட்டுக் குடேன்."

"நான் வீடு கட்றதில்லீங்க. எந்த வீடு எங்க இருக்குன்னு அரசாங்கம் தெரிஞ்சுக்கறதுக்கு ஒரு ஏற்பாடு பண்றேன்."

"அதுக்கு எதுக்கும்மா ஏற்பாடு? வீடு எங்க போவப்போவுது? அங்கியேதான இருக்குது?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை வீடுகள் அங்கேயே இருப்பதில்லை. வருவாய்த் துறையிடம் ஒரு வரைபடம், மீன்வளத் துறையிடம் ஒன்று, நெடுஞ்சாலைக்கு ஒன்று, வனத்துக்கு ஒன்று. ஒரே உப்பளம் நான்கிலும் நான்கு இடத்தில் இருக்கும். ஒன்றில் கடலுக்குள்ளே இருக்கும். இவற்றையெல்லாம் வானத்திலிருந்து எடுத்த ஒரே படத்தின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைப்பது கடலோரத் திட்டம் ஒன்றின் நோக்கம். எந்தப் படத்தை வாங்குவது, எந்த அடுக்கை யார் திருத்தலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்பதற்கெல்லாம் விதி எழுதுவது அவள் வேலை. ஒப்பந்தம் எடுத்த நிறுவனம் அவளை அனுப்பியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் என்னையும் ஆலோசகர் என்று கூப்பிட்டார்கள். கையால் வரைந்த பழைய நில வரைபடங்களில் இருக்கும் கையெழுத்தைப் படிக்க உயிரோடு யாராவது தேவைப்பட்டார்கள்.

திட்ட அலுவலகம் திண்டிவனத்தில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அங்கேயே அறை எடுத்துத் தங்கினார்கள். அங்கே பிரியாணிக் கடைகள் உண்டு. இவள் மட்டும் மரக்காணத்துக்கு வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கடலோரத்துக்கு விதி எழுதறேன் சார். கடலப் பாக்காம எழுதினா தப்பாயிடும்."

பார்த்து எழுதினாலும் தப்பாகும் என்று எனக்கு அனுபவம் உண்டு.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அவள் திரையில் ஒவ்வொரு கிராமமாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒருவர் எழுந்தார். "மேடம், எங்க ஊர் ஏரிய சுடுகாடுன்னு காட்டுதே?"

இப்படிப்பட்ட கேள்விக்கு நிலையான பதில்கள் உள்ளன. "நீங்க அனுப்பின தகவல் அப்படி" என்பது ஒன்று. "குறிச்சுக்கிட்டோம், உக்காருங்க" என்பது இன்னொன்று. அவள் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என் தப்புங்க. ரெண்டு நிறத்த மாத்திக் குடுத்திருக்கேன். இது உங்க ஊருக்கு மட்டும் இல்ல, எல்லா ஊருக்கும் அப்படித்தான் வந்திருக்கும்."

கேள்வி கேட்டவர் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்திலிருந்தவர் காதோரம் வந்து, "ஏன் சார், இந்தம்மாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டில் அவளருகே யாரும் உட்காரவில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை. ஒரே அறையில் ஒருவர் உண்மை சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்களுக்கும் பரவிவிடுமோ என்று ஒரு பயம். அவள் டப்பாவைத் திறந்து தயிர்ச்சோற்றைத் தின்றாள். எதிர் நாற்காலியில் தன் பையை வைத்திருந்தாள், அது காலியாகத் தெரியாதபடிக்கு.

மாலையில் அவள் மொட்டை மாடியில் நின்று அம்மாவோடு பேசுவாள். சிக்னல் அங்கேதான் கிடைத்தது. அம்மா சேலத்துப் பக்கம். அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு மதில்மேல் வைத்துவிட்டுத் துணி மடிப்பதால், மாடிப்படிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கும் கேட்கும். ஒட்டுக்கேட்பது என்று சொல்ல முடியாது. நாற்காலி அவள் வருவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. மனைவி போன பிறகு அந்த நேரத்தில் அந்த வீட்டில் வேறு குரலும் இல்லை.

அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகி முறிந்திருந்தது. அம்மா இரண்டாவது வரன் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குடும்பம் அவளோடு போனில் பேசியிருக்கிறது. எல்லாம் கூடிவந்த நிலையில் அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள்.

"என்னடி சொன்ன அவங்ககிட்ட?"

"ஒண்ணுமில்லம்மா. மொத கல்யாணம் முறிஞ்சதுல பாதி தப்பு என்னோடதுன்னு சொன்னேன்."

"அடிப்பாவி. அவங்கதான் எல்லாம் அவன் தப்புன்னு நம்பிக்கிட்டு இருந்தாங்களே. நான் எவ்ளோ கஷ்டப்பட்டு நம்ப வெச்சேன். வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

"பாதிதாம்மா சொன்னேன். முழுசா சொல்லல."

அம்மா அழுவது மதிலிலிருந்து கீழே இறங்கி வந்தது. அவள் துணியை மடித்துக்கொண்டேயிருந்தாள். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டதால் மிச்சம் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளத்து வரப்புகளில் தனியாக நடப்பாள். பாத்திகளில் வேலை செய்கிறவர்கள் முதலில் அவளை உப்புத் துறை அதிகாரி என்று நினைத்தார்கள். பிறகு டிவிக்காரி என்று நினைத்தார்கள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டார்கள். இந்தக் கடற்கரையின் ஒவ்வொரு வரப்பையும் அவளால் திரையில் பெயர் சொல்லிக் காட்ட முடியும். வரப்பின்மேல் போகும்போது பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு ஒரு ஆள் கிடையாது.

இனி, படத்துக்கு வருகிறேன்.

திட்டம் மழைக்காலத்தில் தொடங்கியது. அந்தப் பருவத்துக்குள்ளேயே வானிலிருந்து எடுத்த படம் ஒன்றை விலைக்கு வாங்க வேண்டும். எதை வாங்குவது என்பதற்கு அவள் எழுதிய விதி எளிமையானது: அந்தப் பருவத்தில் எடுத்தவற்றில் மேகம் மிகக் குறைவாக உள்ளதை வாங்க வேண்டும். கேட்டால் யாரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். படம் வந்தது. கண்ணாடி போல இருந்தது. அதன்மேல் மென்பொருள் உட்கார்ந்து, இது கட்டடம், இது தோப்பு, இது தண்ணீர், இது காலி என்று தானாகப் பிரித்தது. துறைகள் ஒப்புதல் கொடுத்தன. அடுக்குகள் முடக்கப்பட்டன. முடக்கப்பட்டன என்றால் இனி யாரும் தொடக்கூடாது என்று பொருள்.

முதல் பலன் மாசியில் வந்தது. அனுமந்தைக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்தை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாக வரிசையாகக் கொட்டகைகள் கட்டி ஆக்கிரமித்திருப்பதாக வரைபடம் கண்டுபிடித்தது. கணினியே நோட்டீசும் அடித்தது. அதைக் கொடுக்கப் போன தலையாரி மதியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்.

"சார், அங்க கொட்டாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெறும் மணலு. யார்கிட்ட குடுக்கறது?"

"வாங்க ஆளில்லன்னா ஒட்டிட்டு வரணும்" என்றார் அலுவலகத்தில் ஒருவர். விதிப்படி அது சரி.

"எதுல சார் ஒட்டறது? சுவரே இல்லியே."

கடைசியில் ஒரு சவுக்கு மரத்தில் ஒட்டிவிட்டு வந்தார்கள். மரம் ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும்.

அலுவலகமே இரண்டு நாள் இதைச் சொல்லிச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தக் குப்பத்துக்குப் போனாள். சவுக்கு மரத்தைப் படம் எடுத்தாள், சாலையோரத்தை எடுத்தாள், கரையை எடுத்தாள். குப்பத்துப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று, "எதுக்குப் படம் புடிக்கற? நீதான் நோட்டீஸ் ஒட்டுனதா?" என்று கேட்டார்கள். அவள் வழக்கம்போல, "ஆமா, என்னோட சிஸ்டத்துலேர்ந்துதான் வந்துச்சு" என்றாள். அங்கிருந்து அவள் எப்படிக் கிளம்பினாள் என்று சொல்லவில்லை. துப்பட்டாவில் மீன் தண்ணீர் இருந்தது.

மாலையில் கணினியைத் தூக்கிக்கொண்டு என் கூடத்துக்கு வந்தாள்.

"சார், இதப் பாருங்க. கொட்டகை இல்ல. படகு."

பார்த்தேன். சாலையோரம் நீல நிறத்தில் நீள நீளமாக வரிசை. நீலம், தார்ப்பாய். எனக்கு உடனே விளங்கியது. இந்தக் கரையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஒரு படகைக்கூடக் கடலோரம் விடமாட்டார்கள். டிராக்டர் வைத்தும் ஊரே கைகொடுத்தும் இழுத்து, சாலைப்பக்கம் கொண்டுவந்து நிறுத்தித் தார்ப்பாய் கட்டுவார்கள். காற்று அடங்கினாலும் எச்சரிக்கைக் கூண்டு இறங்கும்வரை அங்கேயே நிற்கும்.

"மழைக்காலத்துல நம்ம ஊர்ல வானம் எப்ப சார் சுத்தமா இருக்கும்?"

"புயல் போன மறுநாள்."

"அந்த மறுநாள்தான் இது. மேகம் குறைவா வேணும்னு நான் கேட்டேன். கெடச்சுது."

பிறகு விரலால் கடலோரத்தைக் காட்டினாள். சாலையில் படகு இருந்ததால் கரையில் படகு இல்லை. வலை இல்லை, ஆள் இல்லை. மென்பொருள் அந்தக் கரை முழுவதையும் 'காலி' என்று மஞ்சளில் நிரப்பியிருந்தது. ஆட்சேபணையற்ற புறம்போக்கு, அதாவது கேட்பவருக்குக் கொடுத்துவிடலாம். மஞ்சளுக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டது. கடற்கரை ஓய்வு விடுதி ஒன்றுக்காக அந்த இடத்தைச் சிபாரிசு செய்யும் கூட்டம் மறுவாரம். வேலி போட்டுவிட்டால் குப்பம் படகை எங்கே ஏற்றும்?

வழிமுறை கேட்டாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். சொன்னேன். குப்பத்தார் ஆட்சேபணை மனு கொடுக்கலாம். அது விசாரணைக்கு வருவதற்குள் விடுதிக்கு நீச்சல் குளம் வந்துவிடும். இரண்டாவது வழி, 'களச் சரிபார்ப்பின்போது தெரியவந்த மாறுபாடு' என்று ஒரு வாக்கியம் எழுதலாம். அழகான வாக்கியம். அதில் யாரும் எதுவும் செய்யவில்லை. மாறுபாடு தானாகத் தெரியவந்தது. அப்படி எழுதினால் மற்ற மாறுபாடுகளோடு வரிசையில் நிற்கும், கூட்டம் நிற்காது. மூன்றாவது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒரு பிரிவு. வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றைப் பார்த்து நகலெடுத்தபோது தவறுதலாகக் கூடவே வந்துவிட்டது என்று நினைக்கிறேன். விதியை எழுதியவரே விதி பிழை என்று எழுத்தில் கொடுத்தால், அதன்மேல் கட்டிய அடுக்குகள் எல்லாம் அந்த நிமிடமே விலக்கப்பட்டதாகக் கொள்ளப்படும். யார் உத்தரவும் வேண்டாம். நிறுவனம் தன் செலவில் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். எழுதிக் கொடுத்தவர் திட்டத்திலிருந்து வெளியேற வேண்டும்.

"மூணாவத விட்டுடும்மா. ரெண்டாவதுக்கு நானே வாக்கியம் எழுதித் தர்றேன்" என்றேன்.

"அதுல கூட்டம் நிக்காதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

"நிக்காது."

"அப்புறம்?"

காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

கூட்டத்தில் நானும் இருந்தேன். தலைமை வகித்த அதிகாரி கெட்டவர் அல்லர், நேரம் இல்லாதவர். மஞ்சள் கரை திரையில் வந்ததும், "நல்ல இடம், பிரச்சினை இல்லாத இடம்" என்றார். அவள் கையைத் தூக்கினாள்.

"சார், அது காலி இடம் இல்ல. படகு நிறுத்தற கரை."

"மேப்புல காலின்னு இருக்குதேம்மா?"

"மேப் தப்பு சார்."

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் உதவத்தான் பார்த்தார். "ஃபீல்டுல போனவங்க சரியா பாக்கலேன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

பின்வரிசையில் களப் பணியாளர்கள் நால்வர் இருந்தார்கள். அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்த மாதிரி இடங்களில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அவர்களுக்குத் தெரியும். அவள் ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். கூட்டம் தள்ளிப்போயிருக்கும், அந்த நால்வருக்கும் குறிப்பாணை போயிருக்கும், அவள் வேலை நிலைத்திருக்கும். நான்காவதாக அப்படி ஒரு வழி இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"இல்ல சார். அவங்க தப்பு இல்ல. படம் வாங்கற விதிய நான் எழுதினேன். அது தப்பு." ஒரு தாளை மேசைமேல் வைத்தாள்.

அவளுடைய நிறுவனத்து மேலாளர் அருகில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்வலிக்காரர் போலக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

அடுக்குகள் விலக்கப்பட்டன. மாவட்டக் கடலோரம் முழுவதும் ஒரே பிற்பகலில் திரையில் வெள்ளையாகிவிட்டது. விடுதிக்காரர்கள் வேறு கடற்கரையைத் தேடிப் போனார்கள். பின்வரிசை நால்வரில் ஒருவர்கூட வெளியே வந்து அவளிடம் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில் தள்ளியே நின்றார்கள். நன்றி சொன்னால் தாங்களும் அவளோடு சேர்ந்தவர்கள் என்று ஆகிவிடும்.

மாதக் கடைசியில் காலி செய்தாள். ஒரு பெட்டி, ஒரு கணினிப் பை. அடுத்து எங்கே என்று கேட்டேன். "பாக்கணும் சார். இந்தத் துறை ரொம்பச் சின்னது. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்" என்றாள். அதற்கு என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது. சாவியைக் கொடுக்கும்போது, "பெட்ரூம் சுவத்துல ஒரு ஆணி அடிச்சேன், கொஞ்சம் காரை பேந்துடுச்சு" என்றாள். திண்டிவனம் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துக் கையசைத்தாள். தெருவில் அவளுக்குக் கையசைக்க நான் மட்டும் இருந்தேன். பழக்கமில்லாததால் சற்றுத் தாமதமாக அசைத்தேன்.

ஆடியில் அந்தக் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கரை போகாமல் தப்பியதற்காக இந்த வருடம் விமரிசையாக. சாலையோரம் பேனர் வைத்திருந்தார்கள். கரையைக் காத்துத் தந்ததாக ஒருவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கரைக்கும் உள்ள தொடர்பு எனக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற சர்வே அதிகாரி என்று என்னையும் கூப்பிட்டு, ஊர்ப் பஞ்சாயத்தில் மூத்தவர் தன் பக்கத்தில் நாற்காலி போட்டார்.

"எல்லாம் அந்தப் பொம்பளயாலதான் சார். வந்து படம் புடிச்சிட்டுப் போச்சே, அதுதான் நம்ம கரைய மேப்புலேர்ந்து எடுத்தது. நல்லவேள, ஆத்தா காப்பாத்திட்டா."

எனக்கு எழுந்து போய்விடத் தோன்றியது. உட்கார்ந்து சொன்னேன். என் மாடிக்கு அவள் குடிவந்ததில் தொடங்கி, படம், தார்ப்பாய், மேகம், கூட்டம், தாள் எல்லாவற்றையும் முறைப்படி, வரிசையாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ மொதல்ல தப்பு பண்ணது அந்தம்மாதான்?"

"ஆமா."

"அப்பறம் அதுவே போயி, நான்தான் பண்ணேன்னு சொல்லிச்சா?"

"ஆமா."

"அதிகாரி வேற ஆளுங்கமேல போட வழி குடுத்தும்?"

"ஆமா."

"வேல பூடுச்சா?"

"பூடுச்சு."

கடலைப் பார்த்தார். கரையில் படகுகள் நெருக்கமாக நின்றன. ஒன்றின்மேல் ஏறி யாரோ எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம் சார்" என்றார். "வேல தெரியாத பொண்ணு போல இருக்குது."

சொல்லிவிட்டு, பாத்திரத்தருகே நின்றவனைக் கூப்பிட்டார். "டேய், சாரு வூட்டு மாடியிலதான் அந்தம்மா இருக்குது. ஒரு தூக்குல ஊத்திக் குடு. கருவாட்டுக் கொழம்பும் கொஞ்சம் வெய்யி. பசியோட இருக்கப்போவுது."

அவள் போய்விட்டாள் என்று நான் சொல்லவில்லை. தூக்கை வண்டியில் மாட்டிக்கொண்டு, தளும்பாமல், மெதுவாக ஓட்டி வந்தேன். ஒரு ஆளுக்கு அது அதிகம். மறுநாளும் அதையே குடித்தேன்.